தேய்ந்த லேத்தும் நீல மையும்

பழைய லேத் ஒன்று காயலான் கடைக்குப் போனால், அங்கே அதை மதிப்பிடுவது தராசு மட்டும்தான். இத்தனை கிலோ வார்ப்பிரும்பு, இத்தனை கிலோ எஃகு, மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிக்குத் தனி விலை. ஒரு டன் எடையுள்ள அந்த இயந்திரத்தில் உண்மையாகத் தேய்ந்துபோனது எவ்வளவு என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. பார்த்தால் தெரியும். வேலைப்பொருளைப் பிடிக்கும் சக் பக்கமாக, பெட் என்ற அடித்தண்டவாளத்தின் மேல் ஒரு முழ நீளம், இரண்டு விரல் அகலம், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு ஆழம். இப்படித் தேய்ந்த பட்டைகள் எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தாலும் சில பத்து கிராம்தான் தேறும். பல பத்தாண்டு உழைப்பு தின்றது அவ்வளவுதான். மிச்சமுள்ள இரும்பு வார்த்த நாளில் இருந்தது போலவே, சொல்லப்போனால் அன்றைவிட நிதானமாக, நின்றுகொண்டிருக்கிறது.

அந்தச் சில பத்து கிராம் இழப்பைச் சரிசெய்யும் கலைதான் பழைய இயந்திரங்களைப் புதுப்பிப்பது. பெயின்ட் அடிப்பதும் பித்தளைத் தகட்டைப் பளபளப்பாக்குவதும் அதன் கடைசிக் காரியங்கள்.

லேத்தில் வேலைப்பொருள் சுழலும். வெட்டும் உளி அதன் ஓரமாக நகரும். சுழற்றும் பகுதி ஹெட்ஸ்டாக். எதிர்ப்பக்கத்தில் அதன் மறுமுனையைத் தாங்கும் பகுதி டெயில்ஸ்டாக். உளியைச் சுமந்து நகரும் பகுதி சேடில். சேடில் நகர்வதற்கான தண்டவாளம் பெட். பெட்டின் மேலே முக்கோண வடிவிலும் தட்டையாகவும் நீளவாக்கில் ஓடும் வழித்தடங்கள் எவ்வளவு நேராக இருக்கின்றனவோ, அவ்வளவு நேராகத்தான் உளி போகும். உளி போன பாதைதான் வேலைப்பொருளின் வடிவம். லண்டனில் பட்டறை வைத்திருந்த ஹென்றி மாட்ஸ்லி 1800-ஆம் ஆண்டுவாக்கில் செய்த திருகு வெட்டும் லேத் இப்போது அந்நகரின் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மரச்சட்டத்தில் பூட்டிய லேத்துகளே பெருவழக்காக இருந்த காலத்தில் முழுக்க உலோகத்தால் செய்யப்பட்ட இயந்திரம் அது. அடுத்த சில பத்தாண்டுகளில் இயந்திரங்களின் உடம்பெல்லாம் வார்ப்பிரும்பாக மாறிவிட்டது.

வார்ப்பிரும்புக்கு அந்த இடம் சும்மா கிடைக்கவில்லை. எஃகு உருக 1,500 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பம் வேண்டும். வார்ப்பிரும்பு 1,200 டிகிரிக்கு உள்ளேயே இளகி, அச்சின் சந்துபொந்துகளிலெல்லாம் ஓடி நிரம்பும். அதில் நூற்றுக்கு மூன்று பங்குக்குக் கூடுதலாகவே கரி இருக்கும். மெல்ல ஆறும்போது அந்தக் கரியின் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாகப் பிரிந்து இரும்புக்குள் பரவி நிற்கும். பழைய லேத்தின் நல்ல குணம், கெட்ட குணம் இரண்டுமே இந்தச் செதில்களிலிருந்து வருபவை. உளியின் அதிர்வை அவை உள்வாங்கி அடக்குகின்றன. எஃகுச் சட்டத்தில் கட்டிய இயந்திரம் கிறீச்சிடும் இடத்தில் வார்ப்பிரும்பு பேசாமல் நிற்கும். எண்ணெய் வற்றிய சமயத்தில் கிராஃபைட்டே கொஞ்சம் வழவழப்பைத் தரும். சுரண்டினால் பொடிப்பொடியாக, அடங்கி, விட்டுக்கொடுக்கும். ஆனால் இழுவிசைக்கோ சம்மட்டி அடிக்கோ அதே செதில்கள் உள்ளிருக்கும் விரிசல்களாக மாறிவிடும். வார்ப்பிரும்பு வளைவதில்லை, உடைகிறது.

இந்தியாவில் புதுப்பிக்கத் தகுந்த லேத்துகளுக்குப் பஞ்சமில்லை. ஹரிஹரில் 1941-இல் தொடங்கிய மைசூர் கிர்லோஸ்கர் ஆலையின் லேத்துகள் நாடு முழுவதும் போயின. 1953-இல் பெங்களூரில் எச்.எம்.டி. நிறுவனம் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் துணையுடன் உருவாகி, எச்22 லேத்தில் தொடங்கியது. பஞ்சாபின் பட்டாலா, குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகளிலிருந்து வந்த மலிவான லேத்துகள் சிறுநகரங்களுக்கும் எட்டின. கோவையில் பம்புக்கு வார்த்த பவுண்டரிகளுக்குப் பக்கத்திலேயே இயந்திரம் செய்வதும் வளர்ந்தது. 1926-இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழிற்கூடத்தின் லேத்துகள் இன்றும் கல்லூரிப் பட்டறைகளில் சுற்றுகின்றன. கிண்டியிலும் அம்பத்தூரிலும் பீளமேட்டிலும் ஒரு தெரு நடந்தால் இவற்றில் ஏதாவது ஒன்றின் சத்தம் காதில் விழும். செய்த ஆலைகளில் சில இப்போது இல்லை; உதிரிபாகம் கேட்டு எழுத முகவரி கிடையாது. எனவே பழுது பார்ப்பவர்தான் உற்பத்தியாளரும் ஆகவேண்டியிருக்கிறது.

முதல் வேலை அழுக்கை எடுப்பது. பல ஆண்டு எண்ணெயும் தூசியும் இரும்புப் பொடியும் சேர்ந்து தார் போல இறுகியிருக்கும். மண்ணெண்ணெயும் மரச்சீவலும் போதும். வழித்தடத்தின் மேல் உப்புத்தாள் படவே கூடாது. இந்தக் கட்டத்தில் அடிக்கடி வெளிப்படும் ஓர் உண்மை உண்டு. எண்ணெய் விடும் துளைகள் பெயின்ட்டால் அடைபட்டிருக்கும். யாரோ ஒருவர் இயந்திரத்தை அழகாக்கப் பெயின்ட் அடித்த நாளில் அந்தத் துளைகளும் மூடிக்கொண்டன. அன்றிலிருந்து பேரிங் பட்டினி. வேறொருவர் அதே துளையில் கிரீஸை அடைத்திருப்பார். எண்ணெய்க்காகச் செய்த மெல்லிய வழியில் கிரீஸ் போனால் அது அடைப்பான்தான். இப்படிக் கெட்ட லேத்துகள், உழைத்துக் கெட்ட லேத்துகளுக்கு எண்ணிக்கையில் குறைந்தவை அல்ல.

துரு பிடித்த சிறு பாகங்களுக்குச் சலவைச் சோடா கலந்த தண்ணீரும் ஒரு பேட்டரி சார்ஜரும் போதும். துருப்பிடித்த பாகத்தை எதிர்முனையிலும், வேண்டாத இரும்புத் துண்டு ஒன்றை நேர்முனையிலும் இணைத்து மூழ்கவைத்தால், சில மணி நேரத்தில் துரு இளகிக் கருப்பு மாவாகிவிடும். தேய்த்துக் கழுவினால் போகும். நல்ல இரும்பு கரைவதில்லை என்பதுதான் இதன் சிறப்பு. கிளம்பும் குமிழிகளில் ஹைட்ரஜன் வாயு இருப்பதால் திறந்தவெளியில் செய்யவேண்டும். நேர்முனைக்குத் துருப்பிடிக்காத எஃகைப் போடக்கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சுக் கரைசலாகிவிடும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் வாய்ப்பு அதிகம். அதை உலரத் தேய்த்துத் தூளைச் சுவாசிப்பதைவிட, கரைப்பான் பூசி ஈரமாகவே வழித்தெடுப்பது நல்லது.

பிரிக்கும்போது பொறுமை வேண்டும். பழைய பிரிட்டிஷ் இயந்திரங்களிலும் அவற்றைப் பார்த்துச் செய்த இந்திய இயந்திரங்களிலும் அங்குல அளவிலான விட்வொர்த் மரைதான். மில்லிமீட்டர் ஸ்பேனரைப் பொருத்தினால் பொருந்துவது போலவே இருக்கும். இரண்டு முறை வழுக்கினால் போல்ட்டின் தலை உருண்டையாகிவிடும். தண்டுகளைப் பிணைக்கும் கூம்பு ஆணிகளுக்கு ஒரு பக்கம் பெரிது, ஒரு பக்கம் சிறிது. சிறிய பக்கத்திலிருந்து தட்டினால் ஒரே அடியில் வரும். மறுபக்கம் தட்டினால் வாழ்நாளில் வராது, நடுவில் வார்ப்பு பிளக்கும். கையில் செல்போன் இருக்கும் இக்காலத்தில், ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்ளாதவருக்கு மன்னிப்பே கிடையாது.

அடுத்தது நோய் அறிதல். இதில்தான் அனுபவமும் அவசரமும் பிரிகின்றன. லேத் கூம்பாகக் கடைகிறது என்றவுடன் பெட் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். பெரும்பாலும் முதல் குற்றவாளி தரைதான். ஒரு டன் வார்ப்பிரும்பு மலை போல உறுதியாகத் தெரிந்தாலும் மைக்ரான் கணக்கில் அது வளையும். தரை கொஞ்சம் அமுங்கினால் பெட் முறுக்கிக்கொள்ளும். மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் சாய்வைக் காட்டும் துல்லிய மட்டத்தைப் பெட்டின் இரு முனைகளிலும் குறுக்காக வைத்துப் பார்த்தால் முறுக்கு தெரிந்துவிடும். அதன்பின் ஒரு சோதனை: ஒரு கம்பியைச் சக்கில் பிடித்து, டெயில்ஸ்டாக் தாங்காமல், அதன் இரு முனைகளிலும் வளையம் போன்ற மேடுகளை விட்டு, உளியைத் தொடாமல் ஒரே ஓட்டத்தில் இரண்டையும் கடைந்து அளக்கவேண்டும். விட்டங்கள் வேறுபட்டால், டெயில்ஸ்டாக் பக்கத்துக் கால் திருகைத் திருகித் திருகிச் சமன் செய்யலாம். செலவில்லாமல் பிழைத்துக்கொள்ளும் லேத்துகள் இப்படி எத்தனையோ.

தேய்மானம் உண்மையிலேயே இருந்தாலும், அது எந்தத் திசையில் என்பது முக்கியம். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பியைக் கடையும்போது உளி நேர் கீழாகப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால், விட்டத்தில் ஒரு மைக்ரான்கூட மாறாது. அதே அளவு பக்கவாட்டில் விலகினால் விட்டம் 0.2 மில்லிமீட்டர் மாறிவிடும். பிட்டிங்குக்கு அது உதவாத வேலை. முன்பக்க வழித்தடம் மட்டும் தேய்ந்தால் சேடில் முன்னால் சாய்கிறது. சாய்ந்தால் உயரத்தில் இருக்கும் உளி பக்கவாட்டில் நகர்கிறது. ஆபத்து அங்கேதான்.

சில சமயம் இரும்பை வெட்டாமலேயே யோசனையால் பழுது தீரும். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமுக்கு அருகே பீஸ்டனில் இருந்த மைஃபோர்ட் நிறுவனம் 1946-இல் கொண்டுவந்த எம்.எல்.7 என்ற சிறு லேத் வீட்டுப் பட்டறைக்காரர்களின் செல்லப்பிள்ளை. அதன் பெட் தட்டையானது. சேடிலை நேராக வழிநடத்தும் வேலையை முன்பக்கத் தண்டவாளத்தின் இரு ஓரங்களுமே செய்தன; ஆண்டுகள் போகப்போக உள் ஓரம் தேய்ந்தது. பின்பக்கத் தண்டவாளத்தின் வெளி ஓரமோ எந்த வேலையும் இல்லாமல் புத்தம் புதிதாகவே இருந்தது. சேடிலின் உட்பக்கம் ஓர் இரும்புப் பட்டையைப் பொருத்தி, அந்தத் தொடாத ஓரத்தில் உரசும்படி செய்துவிட்டால் தேய்மானம் கணக்கிலிருந்தே நீங்கிவிடும். ஒரு பட்டை, சில திருகுகள். லேத் மறுபடி நேராகக் கடைகிறது. நிறுவனமே பின்னாளில் தன் புதிய லேத்துகளை இந்த முறைக்கு மாற்றிக்கொண்டது.

எல்லா லேத்திலும் இப்படித் தொடாத ஓரம் கிடைக்காது. அப்போது இரண்டு வழி. ஒன்று, பெட்டைக் கழற்றிப் பெரிய கிரைண்டிங் இயந்திரத்துக்கு அனுப்புவது. வேகமான வழி, ஆனால் அரை மில்லிமீட்டர் எடுத்தால் சேடிலும் அரை மில்லிமீட்டர் இறங்கும், சேடிலை நகர்த்தும் லீட் ஸ்குரூவும் பல்சட்டமும் இருந்த இடத்திலேயே இருப்பதால் எல்லாம் ஒன்றோடொன்று பகைத்துக்கொள்ளும். அதை ஈடுகட்டச் சேடிலின் அடியில் டர்சைட் போன்ற வழவழப்பான பிளாஸ்டிக் பட்டையை ஒட்டுவார்கள். மற்றொன்று, கையால் சுரண்டுவது. பட்டறை மொழியில் ஸ்கிரேப்பிங்.

கையால் சுரண்டி இயந்திரத்தைவிட நேரான பரப்பை எப்படி உண்டாக்க முடியும்? கேட்பவர்களுக்கு நம்பிக்கை வராது. கருவி மிக எளியது: நீண்ட பட்டையான ஓர் உளி. நம்மூர் பிட்டர்கள் பழைய அரத்தின் முனையைத் தீட்டியே இதைச் செய்துகொள்வதுண்டு. இப்போது கார்பைடு முனை வந்துவிட்டது. துல்லியமான சமதளப் பலகை ஒன்றில் புருஷ்யன் புளூ என்ற நீல மையைச் சன்னமாகத் தடவி, வேலைப்பரப்பின்மேல் உரசுவார்கள். மேடான இடங்களில் மட்டும் நீலம் ஒட்டும். ஒட்டிய இடங்களைச் சுரண்டுவார்கள். ஒரு தள்ளலில் போவது சில மைக்ரான். ஒரு தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, எடுக்கவே பல சுற்று வேண்டும். துடைத்து, மறுபடி மை, மறுபடி உரசல், மறுபடி சுரண்டல். முதலில் இரண்டு மூன்று திட்டாகத் தெரியும் நீலம், சுற்றுக்குச் சுற்று உடைந்து பரவி, கடைசியில் பரப்பெங்கும் பொட்டுப்பொட்டாகத் தெளித்தது போல நிற்கும். ஓர் அங்குலச் சதுரத்தில் பத்து முதல் இருபது பொட்டுகள் வந்தால் நல்ல வழித்தடம். பொட்டுகளுக்கு இடையில் உள்ள மெல்லிய பள்ளங்கள் எண்ணெயைப் பிடித்துவைக்கும் என்பது கூடுதல் லாபம்.

அப்படியானால் அந்தச் சமதளப் பலகையை எதை வைத்துச் சமன் செய்தார்கள்? மாட்ஸ்லியின் பட்டறையில் வேலை பார்த்து, பிறகு மான்செஸ்டரில் தனக்கென்று தொழிற்சாலை வைத்த ஜோசப் விட்வொர்த் 1840-இல் கிளாஸ்கோவில் நடந்த பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டத்தில் இதற்கு விடை சொன்னார். இரண்டு பலகைகளை ஒன்றோடொன்று பொருத்திச் சுரண்டினால் இரண்டும் அச்சாகப் பொருந்தும். ஆனால் ஒன்று குவிந்தும் மற்றொன்று குழிந்தும் இருக்கலாம், பொருத்தம் குறையாது. மூன்றாவது பலகை வந்தால் இந்த ஏமாற்று நடக்காது. மூன்றும் மாறிமாறி ஒன்றோடொன்று பொருந்தவேண்டுமானால் மூன்றும் தட்டையாக இருந்தே தீரவேண்டும். எந்த முன்மாதிரியும் இல்லாமல், மூன்று இரும்புத் துண்டுகளிலிருந்தும் ஒரு மனிதனின் பொறுமையிலிருந்தும் சமதளம் பிறக்கிறது. மணல்தூளைப் போட்டு ஒன்றன்மேல் ஒன்றை அரைக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிட்டுச் சுரண்டும்படி விட்வொர்த் வற்புறுத்தினார். இன்றைய கணினி இயந்திரங்களின் துல்லியத்தை அடிவரை தேடிப்போனால் அங்கே இந்த மூன்று பலகைகள் இருக்கும்.

ஒரு எச்சரிக்கையும் இங்கே சொல்லவேண்டும். பழைய இயந்திரம் விற்பவர்களில் சிலர் தேய்ந்த பெட்டின் மேல் பிறைபிறையாகச் சுரண்டல் கோலம் போட்டு வைத்திருப்பார்கள். பார்க்க ஆலையிலிருந்து நேற்று வந்தது போல இருக்கும். கோலம் அளவு அல்ல.

தேய்மானத்தைவிடப் பயமுறுத்துவது உடைப்பு. லாரியிலிருந்து இறக்கும்போது விழுந்த ஹெட்ஸ்டாக், பல் போன கியர், பிளந்த மோட்டார் தாங்கி. சாதாரண எஃகு ராடு வைத்து அவசரத்தில் வெல்டிங் செய்தால், சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு அந்த இடத்தின் சூட்டை ஒரே மூச்சில் உறிஞ்சிக்கொள்ளும். வேகமாக ஆறும் வார்ப்பிரும்பில் கரி கிராஃபைட்டாகப் பிரிய நேரம் கிடைக்காது. அரம் ஏறாத, கண்ணாடி போல நொறுங்கும் வெள்ளை இரும்பு உண்டாகி, ஆறிய சில நிமிடங்களில் பக்கத்திலேயே புதிய விரிசல் விடும். எனவே ஒன்று, பாகம் முழுவதையும் சில நூறு டிகிரிக்குச் சூடேற்றி, வெல்டிங் முடிந்ததும் சாம்பலிலோ மணலிலோ புதைத்து மெல்ல ஆறவிடவேண்டும். இல்லையேல் நிக்கல் ராடால் ஓர் அங்குலம் மட்டும் வைத்து, சிறு சுத்தியலால் தட்டி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் அடுத்த அங்குலம் போகவேண்டும். அவ்வளவு சூடு ஆகாத பாகங்களுக்குப் பித்தளைப் பற்றவைப்பு இருக்கிறது. பல் போன கியரில் துளையிட்டு மரை வெட்டி வரிசையாக ஆணிகளை நட்டு, அவற்றின் மேல் பித்தளையை ஏற்றி, அரத்தால் பல் வடிவுக்குக் கொண்டுவருவது பழைய பட்டறைகளின் கைவந்த வித்தை.

உடைந்த வார்ப்பிரும்பு ஒட்டும் என்பதற்கு வரலாற்றில் பெரிய சாட்சி முதல் உலகப்போர்க் காலத்து ஜெர்மன் கப்பல்கள். போர் மூண்டதும் அமெரிக்கத் துறைமுகங்களில் ஒதுங்கியிருந்த அக்கப்பல்களின் மாலுமிகள், 1917-இல் அமெரிக்காவும் போரில் இறங்கப்போவது தெரிந்ததும், நீராவி எஞ்சின்களின் வார்ப்பிரும்பு சிலிண்டர்களை உடைத்துப் போட்டனர். புதிய சிலிண்டர் வார்க்காமல் கப்பல் நகராது என்பதுதான் அவர்கள் போட்ட கணக்கு. அமெரிக்கக் கடற்படையினர் உடைந்த ஓரங்களில் எஃகு ஆணிகளை நட்டு, மின்வெல்டிங்கால் துண்டுகளை இணைத்துவிட்டார்கள். எஞ்சின்களைக் கப்பலிலிருந்து இறக்கக்கூட இல்லை. அதே ஆண்டில் அந்தக் கப்பல்கள் அமெரிக்கச் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு பிரான்சுக்குப் போயின.

நெருப்பே ஆகாத இடத்துக்கும் வழி உண்டு. 1930-களில் அமெரிக்காவின் டெக்சாஸ் எண்ணெய் வயல்களில், தீப்பொறி பறந்தால் எல்லாமே போய்விடும் என்ற நிலையில், விரிசலுக்குக் குறுக்கே துளைகள் இட்டு நிக்கல் கலவைச் சாவிகளை அடித்து இறுக்கித் தைக்கும் முறை வளர்ந்தது. சூடு இல்லை, கோணல் இல்லை. கப்பல் எஞ்சின்களிலும் பெரிய பிரஸ்களிலும் இன்றும் இதைத்தான் செய்கிறார்கள்.

எல்லாப் பழைய இயந்திரத்தையும் காப்பாற்றத்தான் வேண்டுமா? வேண்டாம். மலிவாக வார்த்து, அச்சிலேயே ஓட்டை விழுந்த ஹெட்ஸ்டாக்குடன் வந்த லேத் ஐம்பது வருடம் கழித்தும் அதே லேத்தாகத்தான் இருக்கும். கியர் பெட்டி முழுக்க நொறுங்கியதற்குச் செலவழிக்கும் பணத்தில் நல்ல நிலையில் உள்ள இன்னொன்றை வாங்கிவிடலாம். அரிய, வரலாற்று மதிப்புள்ள இயந்திரத்துக்கோ வேறு நியாயம்: மூலப் பெயின்ட்டும் சுரண்டல் தடமும் அதன் ஆவணங்கள், அங்கே துருவை நிறுத்தி எண்ணெய் இட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வதே அறிவு. உழைக்கப்போகும் லேத்துக்குத்தான் முழு வைத்தியம்.

பழைய லேத் பார்க்கப் போகிறவர்கள் பெயின்ட்டைப் பார்க்கவேண்டாம். சக் பக்கம் சேடிலை நிறுத்தி, அதன் ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஜிப் திருகை இறுக்கி, பிறகு டெயில்ஸ்டாக் வரை கையால் ஓட்டிப் பாருங்கள். அங்கே போய் இறுகி நின்றால், பெட் சக் பக்கம் அவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பொருள். சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டிலை ஒரு கழியால் மேலே நெம்பி டயல் அளவியில் ஆட்டம் பாருங்கள். கியர்களை ஒவ்வொரு வேகத்திலும் ஓட விட்டுக் கேளுங்கள். ஹெட்ஸ்டாக்கின் அடியில், பெயின்ட் புதிதாகத் தெரியும் இடங்களில், விரிசல் ஒட்டிய தழும்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். இவை தேறினால், இரும்பு விலைக்குமேல் கொஞ்சம் கொடுத்தாவது வாங்கிவிடலாம். அந்த எடையில் அந்த உறுதியில் புதிது வாங்க இன்று பல மடங்கு பணம் வேண்டும்.